வாய்விட்டுப் படித்தால் தெரியும்

காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் தேடுவது ‘முன்னால்’ என்ற சொல்லைத்தான். இரவு முழுக்க ஏறிய செய்திகளில் அந்த ஒரு சொல்லைத் தேடினால் போதும், வாரத்தில் நாலு நாளாவது ‘முன்னால் அமைச்சர்’ என்று எங்காவது இருக்கும். முன்பு பதவியில் இருந்தவர் முன்னாள் அமைச்சர். முன்னால் என்றால் எதிரே என்று பொருள். திருத்த இரண்டு நொடி ஆகும். ஆனால் அந்த இரண்டு நொடிக்கு முன்பே ராத்திரியெல்லாம் எத்தனையோ பேர் அதைப் படித்துவிட்டிருப்பார்கள் என்பதுதான் எனக்கு ஆறாது.

செய்தித் தளம் ஒன்றில் பிழை திருத்துவது என் வேலை. அச்சுப் பத்திரிகையில் ஆறு வருடம் புரூஃப் பார்த்துவிட்டு இணையத்துக்கு வந்தவள். இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தேட வேண்டிய சொற்கள் இப்போது மனப்பாடம். ‘சுவற்றில்’ அதில் ஒன்று. கயிறு கயிற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும், கிணறு கிணற்றில் ஆகும். ஆனால் நம் வீட்டில் இருப்பது சுவறு இல்லை, சுவர். அதனால் சுவரில்தான். ‘பொருப்பாளர்’ இன்னொன்று. பொறுப்பு என்பது கடமை, பொருப்பு என்றால் மலை. இரங்கல் செய்தியில் ‘இறங்கல்’ என்று வருவதைப் பார்த்தால் அந்தக் குடும்பத்தார் படித்திருப்பார்களோ என்று முதலில் மனம் பதறும். பதவியேற்பு விழா நடக்கும் நாளென்றால் ‘உளமாற உறுதி கூறுகிறேன்’ கட்டாயம் வரும். உளமார என்றால் மனம் நிறைய. உளமாற என்றால் மனம் மாறிப்போக. உறுதிமொழியில் அந்த ஓர் எழுத்து மாறினால் சொன்ன வாக்கே புரண்டுவிடுகிறது.

இதையெல்லாம் எழுதுகிறவர்கள் தமிழ் தெரியாதவர்கள் என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழே வரவில்லை’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என் பக்கத்து மேசைக்கு வரும் நிருபர்களில் பாதிப் பேர் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவர்கள். ஒரு நாள், மாவட்டச் செய்தி அனுப்பும் தம்பி ஒருவன் அலுவலகத்துக்கு வந்திருந்தான். அவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, நான் சொல்வதை எழுது என்றேன். முன்னாள் அமைச்சர், பொறுப்பாளர் கூட்டம், கட்டுப்பாட்டு அறை, பணி நியமனம். நாலையும் அழகான கையெழுத்தில் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தான். முந்தின வாரம் அவன் அனுப்பிய செய்திகளில் இந்த நாலுமே தப்பாக வந்திருந்தன.

“தெரியும்க்கா. நின்னுகிட்டே போன்ல அடிக்கிறேன். வேகத்துல ஷிப்ட் விட்டுப்போயிடுது” என்றான்.

அவன் சொன்னதுதான் உண்மை. தமிழை ஒலிப்படி ஆங்கில எழுத்தில் அடித்து மாற்றும் விசைப்பலகைதான் பெரும்பாலானோர் கையில் இருக்கிறது. அதில் ‘எல்’ அழுத்தினால் ல வரும். அதையே ஷிப்டோடு அழுத்தினால் ள. ‘என்’ அழுத்தினால் ன, ஷிப்டோடு ண. ர, ற இரண்டுக்கும் இதே கதை. அதாவது, தமிழில் தனித்தனியாகப் பிறந்த எழுத்துகள் அங்கே ஒரே விசையின் சின்னதும் பெரியதுமாக ஆகிவிடுகின்றன. அவசரத்தில் சின்னதே விழுகிறது. போனில் இன்னும் ஒரு படி மேலே போய், சொல் முடிவதற்குள் அதுவே நாலு சொல்லைக் காட்டும், விரல் முதலில் இருப்பதைத் தொட்டுவிடும். பேசினால் எழுதித் தரும் வசதியும் இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் பேச்சில் ன, ண இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கிறோம். தென்மாவட்டத்துக்காரியான எனக்கே ழகரம் பேச்சில் ளகரமாகத்தான் வரும். வாயில் இல்லாத வேறுபாட்டை மெஷின் எங்கிருந்து எடுக்கும்?

நான் தமிழ்99 பழகியவள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று விசை. ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் ககரத்துக்குத் தானே புள்ளி விழும். பழக எனக்கு மூன்று வாரம் ஆனது. விரல் தமிழ் எழுத்தையே தேடிப் போகும்போது பிழை எவ்வளவு குறைகிறது என்பதைப் பழகிய பிறகுதான் உணர்ந்தேன். அந்தத் தம்பியையும் பழகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பழகிக்கொண்டிருக்கிறான்.

இரண்டு சொல்லுக்கு நடுவே வரும் க், ச், த், ப் விட்டுப்போவதும் வேண்டாமல் வருவதுமான ஒற்றுப்பிழை வேறு சங்கதி. அதற்கு விசைப்பலகையைக் குறை சொல்ல முடியாது.

பத்திரிகையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அங்கே அப்போது ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் புரூஃபைப் பார்த்துக்கொண்டே போவோம். ஐயா வாசிப்பார், நான் பார்ப்பேன். சேர்ந்த முதல் மாதம், எங்கே வலி மிகும் எங்கே மிகாது என்று இலக்கணப் புத்தகத்தில் இருந்த விதிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு திண்டாடினேன். ஒரு நாள் ஐயா அந்த நோட்டை மெதுவாக மூடி வைத்தார். “ஏம்மா, ‘அந்த பையன்’னு சொல்லிப்பாரு” என்றார். சொன்னேன். “இப்போ ‘அந்தப் பையன்’னு சொல்லு. எது உன் வாய்க்கு வழக்கம்?” இரண்டாவதுதான். “எடுத்துச் சென்றார்னு சொல்லு. வந்து சென்றார்னு சொல்லு. ரெண்டுலயும் ச் இருக்கா?” இல்லை. எடுத்து என்பதற்குப் பின்னால் ஒற்று தானாக வந்தது, வந்து என்பதற்குப் பின்னால் வரவில்லை. வன்தொடர், மென்தொடர் என்று நோட்டில் நான் எழுதி வைத்திருந்த விதி என் வாயிலேயே இருந்திருக்கிறது.

அப்புறம் அவர் ஒரு தாளில் இரண்டு வரி எழுதினார். வேலை கொடு. வேலைக் கொடு. முதலாவது பிழைப்புக்கு வழி கேட்பது. இரண்டாவது, வேல் என்ற ஆயுதத்தைக் கையில் கேட்பது. அடுத்து இன்னும் இரண்டு: தந்த பலகை, தந்தப் பலகை. ஒன்று யாரோ கொடுத்தது, மற்றது யானைத் தந்தத்தில் செய்தது. ஒற்று அலங்காரத்துக்கு வைப்பதில்லை, அது பொருளைத் தாங்கி நிற்கிறது என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

இணையத்தில் ஒற்றை விட்டுவிடுவதைவிட, வேண்டாத இடத்தில் போடுவது இப்போது அதிகமாகிவிட்டது. ‘என்றுக் கூறினார்’, ‘வந்துச் சென்றார்’. தப்பு வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் போடுகிறார்கள். அக்கறையில் செய்யும் பிழை அது. அதனால் இந்தப் பிழையைச் சொல்லும்போது மட்டும் நான் குரலைக் கொஞ்சம் தணித்தே சொல்வேன்: சத்தமாக ஒரு தடவை படித்துப் பாருங்கள், நாக்கு இடறும் இடத்தில் எடுத்துவிடுங்கள். என்று கூறினார். சரியாக ஓடுகிறது இல்லையா?

ஆனால் எல்லாவற்றுக்கும் காதை நம்ப முடியாது. ‘வாகனங்கள் நிறுத்தப்பட்டது’, ‘கடைகள் மூடப்பட்டது’ என்று எழுதுவது நேராகப் பேச்சிலிருந்து வருகிறது. பேசும்போது ‘கடையெல்லாம் மூடிடுச்சு’ என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். அங்கே ஒருமை பன்மை பார்ப்பதில்லை. எழுதும்போது கடைகள் மூடப்பட்டன என்று வர வேண்டும். தலைப்பில் இரண்டும் பக்கத்தில் இருந்தால் யாரும் பிடித்துவிடுவார்கள். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே இடம், நேரம், காரணம் என்று பதினைந்து சொல் புகுந்துவிட்டால்தான் தவறிப்போகிறது. அந்த மாதிரி வாக்கியத்தை நான் திருத்துவதில்லை, இரண்டாக வெட்டிவிடுவேன்.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று எனக்கு மாதம் ஒரு கடிதமாவது வரும். ‘கள்’ என்பது விகுதி, தனிச்சொல் இல்லை, அதனால் ஒற்று மிகாது என்பவர்கள் ஒரு பக்கம். எழுத்துக்கள், கருத்துக்கள் என்று காலங்காலமாக அச்சாகி வந்திருக்கிறதே என்பவர்கள் மறுபக்கம். எங்கள் தளத்தில் வாழ்த்துகள் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே தளத்தில் இரண்டு விதமாக வரக் கூடாது என்பது மட்டும்தான் காரணம். வாசகர் மற்றதை எழுதினால் அவரைத் திருத்தப் போக மாட்டேன். கோவில், கோயில் இரண்டும் அப்படித்தான். இந்த வாதங்களில் காட்டும் சூட்டை ‘முன்னால் அமைச்சர்’ மேல் காட்டினால் நன்றாக இருக்கும் என்று பல முறை தோன்றியிருக்கிறது.

கண்ணுக்கே தெரியாத ஒரு பிழையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அச்சில் அது பிழையே இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காக நாங்கள் போட்ட கட்டுரை ஒன்றைத் தேடி எடுக்கப் போனேன். எங்கள் தளத்தின் தேடலில் ஔவையார் என்று அடித்தேன். வரவில்லை. நானே திருத்திய கட்டுரை, காணாமல் எங்கே போகும்? கடைசியில் தலைப்பின் முதல் எழுத்தைத் தேர்வு செய்து பார்த்தபோது பாதிதான் தேர்வானது. அது ஔ இல்லை. ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டிருந்தார்கள். கண்ணுக்கு ஔவையார். கணினிக்கு ‘ஒ-ள-வையார்’. கௌரவம், மௌனம், பௌர்ணமி எல்லாவற்றிலும் இதே கோளாறு இருந்தது. ஒற்றைக் கொம்பும் ளகரமும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்திய பல எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கு ளகரத்தையே போடும் பழக்கம் இருந்தது. அந்தக் காலத்துப் பக்கங்களை மாற்றும்போதும், அப்படியே பழகிய விரல்கள் அடிக்கும்போதும் அது கூடவே வந்துவிடுகிறது. பிழையாக எழுதியதைப் படிக்கவாவது முடியும். இப்படி எழுதியதைத் தேடுகிறவருக்கு, அப்படி ஒரு கட்டுரை இருப்பதே தெரியாது. ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து பழைய கட்டுரைகளில் அதைச் சரிசெய்தோம்.

இப்போது தமிழுக்குப் பிழைதிருத்திகள் வந்திருக்கின்றன. நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்டவர் உருவாக்கிய நாவி, வாணி இரண்டையும் நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஒரு வினைச்சொல்லே காலம், இடம், எண் என்று நூற்றுக்கணக்கில் வடிவம் எடுக்கும் மொழிக்கு இப்படி ஒரு கருவி செய்வது எவ்வளவு பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முன்னால், முன்னாள் இரண்டுமே தமிழில் உள்ள சொற்கள். எது வேண்டும் என்று முடிவுசெய்ய, எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று ஓர் ஆள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆளே யோசித்தும் தவறியது ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெஸ்க்கில் ஆள் குறைவு. சாலை விபத்துச் செய்தி ஒன்றைப் பார்த்து அனுப்பினேன். தலைப்பு இது: ‘விபத்தில் பலியான ஆசிரியரின் மகன் உடல் சொந்த ஊர் வந்தது’. எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை இல்லை. மதியம் டெஸ்க் போன் அடித்தது.

“அம்மா, நீங்க போட்ட செய்தி பத்திப் பேசணும். எங்க அண்ணன் உயிரோட இருக்காருங்க. போனது அவரோட பையன். காலையிலேர்ந்து எல்லாரும் எங்க அண்ணிக்குப் போன் பண்ணி, சார் எப்படிப் போனாருன்னு கேக்குறாங்க. பிள்ளையைப் பறிகொடுத்தவங்ககிட்ட…” அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

திரையில் தலைப்பை மறுபடி பார்த்தேன். ‘பலியான’ என்ற பெயரெச்சம் ஆசிரியரையும் பற்றும், மகனையும் பற்றும். எழுதியவருக்கு நடந்தது தெரியும், அதனால் மகனோடு சேர்த்து எழுதினார். நான் முதலில் செய்தியைப் படித்துவிட்டுக் கடைசியில்தான் தலைப்புக்கு வந்தேன், அதனால் நானும் மகனோடு சேர்த்தே படித்தேன். தலைப்பை மட்டும் பார்க்கிற வாசகர், பக்கத்தில் நிற்கும் சொல்லோடுதான் சேர்ப்பார். பலியான ஆசிரியர். ‘விபத்தில் ஆசிரியரின் மகன் பலி: உடல் சொந்த ஊர் வந்தது’ என்று மாற்றினேன். கீழே திருத்தக் குறிப்பும் போட்டேன். போன் செய்தவரைத் திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “சரிம்மா” என்று மட்டும் சொன்னார். இப்போதெல்லாம் மரணச் செய்தி என்றால், விஷயம் தெரியாத ஒருவரிடம் தலைப்பை மட்டும் வாசித்துக் காட்டி, யார் இறந்தது என்று கேட்ட பிறகே ஏற்றுகிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா ஒரு படம் அனுப்பியிருந்தார். எங்கள் தளத்தின் பழைய தலைப்பு, திருத்துவதற்கு முன் யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட். அதற்குக் கீழே, ‘பாவம், நல்ல வாத்தியாராம்’ என்று எழுதியிருந்தார். நான் அடித்தேன்: ‘இறந்தது ஆசிரியர் இல்லை பெரியம்மா. அவருடைய மகன்.’ அதை வாய்விட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.