ஓய்வு முடிந்து வெளியே வரும் குதிரை

நுவரெலியாவில் குதிரை வைத்திருக்கும் தம்பிமாருக்கு. தசைநாண் காயத்துக்காக மாதக்கணக்கில் லாயத்தில் நின்ற குதிரையை முதல் நாளே கிரகரி வாவிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வலி குறைந்ததும் அதற்குத் துள்ளல்தான் வரும். ஒரே துள்ளலில் பாதி ஆறிய நாண் மறுபடி கிழியலாம், பாவம்.

ஓய்வு தொடங்கும்போதே கொள்ளையும் தவிட்டையும் குறைத்து, புல்லைத் தாராளமாகப் போடுங்கள். மிருக வைத்தியர் சம்மதித்த பிறகு, கையில் பிடித்து 10 நிமிட நடை. வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் போதும். சமமான, இறுகிய தரை வேண்டும். மழை ஊறிய சரிவு ஆகாது. விடியற்காலைக் குளிர்காற்றில் சாதுவான குதிரையும் துள்ளும், வெயில் ஏறட்டும்.

கடிவாளம், 3 மீற்றர் கயிறு, கையுறை, தலைக்கவசம். கயிற்றைக் கையில் சுற்றவே வேண்டாம், விரல் போய்விடும். தோளருகே நடங்கள். தலை நிமிர்ந்து முதுகு இறுகினால், முகத்தை உங்கள் பக்கம் லேசாகத் திருப்பி நடக்கவிடுங்கள். இறுக்கமான வட்டம் போட்டால் பாரம் நாணுக்குத்தான்.

அப்படியும் அடங்காவிட்டால் வைத்தியரிடம் சாந்தப்படுத்தும் மருந்து கேளுங்கள், அதில் வெட்கமே இல்லை. நடை முடிந்ததும் இரண்டு கால் நாணையும் தடவி ஒப்பிடுங்கள். சூடோ வீக்கமோ தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள்.