செருகினால் ஏன் தானாக வரவில்லை?

கல்லடித் தம்பி ஒருவன் யுஎஸ்பி கருவி ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறான். டிரைவரைக் கையால் ஏற்றும் மொட்ப்ரோப் கட்டளையை அடித்தால் வேலை செய்கிறது, கேபிளைச் செருகினால் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. "அண்ணன், கேர்னல் பழுதா?" என்றான். லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலில் பழுதில்லை மனே.

மொட்யூலின், அதாவது கேர்னலுக்குள் ஏற்றும் டிரைவர் கோப்பின், விவரத்தைக் காட்டும் மொட்இன்ஃபோ கட்டளையைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். லைசென்ஸ் வரி இருக்கிறது, எந்தக் கருவிக்கு உரியது என்று சொல்லும் ஏலியஸ் வரி ஒன்றுகூட இல்லை. அவ்வளவுதான் விஷயம். டிரைவர் கையாளும் கருவிகளின் எண்கள் உள்ள ஐடி டேபிளை ஒழுங்காக எழுதி டிரைவரோடு கோர்த்திருக்கிறான். அதன் கீழே போடவேண்டிய மொட்யூல் டிவைஸ் டேபிள் (MODULE_DEVICE_TABLE) மேக்ரோ வரியைத்தான் காணோம்.

டிரைவர் மெமரிக்குள் வந்த பிறகு கருவியோடு சேர ஐடி டேபிள் போதும். டிரைவரை உள்ளே கூப்பிடுவது வேறு ஆள். செருகியதும் கேர்னல், கருவியின் வென்டர், புரொடக்ட் எண்களை வைத்து மொட்ஏலியஸ் என்ற சரத்தைக் கட்டி அனுப்பும். கருவிகள் வருவதைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் அதற்குப் பொருந்தும் மொட்யூலை ஏலியஸ் பட்டியலில் தேடும். அந்தப் பட்டியலை டெப்மொட் என்ற கட்டளை தயாரிப்பது மொட்யூலுக்குள் இருக்கும் ஏலியஸ் வரிகளைப் பார்த்துத்தான். மேக்ரோ இல்லையென்றால் பில்ட் நேரத்தில் அந்த வரியே உருவாகாது. மலிவான ஆர்டுயினோ போர்டுகளில் வரும் சிஎச்340 சிப் செருகியவுடனே எழும்புகிறதே, சிஎச்341 டிரைவரில் 1ஏ86, 7523 என்ற சோடி பதிவாகி இருப்பதால்தான்.

அந்த மேக்ரோ வரியைச் சேர்த்து, திரும்ப பில்ட் பண்ணி, டெப்மொட்டும் ஓட்டச் சொன்னேன். மொட்யூலின் கேஓ (.ko) கோப்பைக் கையால் கொப்பி பண்ணுகிற ஆட்கள் டெப்மொட்டைத்தான் மறப்பார்கள்.