வெள்ளிக்கிழமை பஸ்
1983இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரு பஸ் சேவை தொடங்கினார். பெயர் சபர்பன் எக்ஸ்பிரஸ். வெள்ளி மதியம் வகுப்பு முடிந்ததும், அழுக்குத் துணி மூட்டையோடு ஏறினால், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சிகாகோ புறநகரில் இறங்கி வீட்டுக்குப் போகலாம். கார் இல்லாத பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

அப்புறம் நடந்ததுதான் மனசைக் கஷ்டப்படுத்துகிறது. 2013இல் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் மீது நிறுவனமே வழக்குப் போட்டது. 2017 டிசம்பரில் சீன மாணவர்களைக் கேவலப்படுத்தி ஒரு விளம்பர மின்னஞ்சல். யாருடைய டிக்கெட் காசில் பஸ் ஓடியதோ அவர்களையே! 2018இல் மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர், அந்த நிறுவனத்தின் மீது வழக்கு தொடுத்தார். 2019இல் நிறுவனம் மூடப்பட்டது.