பாயின்ட்டுக்கு நடுவே ஒரு கல்யாணப் பத்திரிகை

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஸ்டார்ட் பண்ணியது நான் இல்லை. அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பதினாலு மாசமாகப் போர்டிகோவில் செங்கல்மேல் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டு மாருதி 800தான். '93 மாடல், மூணு சிலிண்டர், 796 சிசி. நான் அதை 'ப்ராஜெக்ட்' என்பேன். வீட்டம்மா 'அந்த டப்பா' என்பாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். வாங்கியது அவர், சாவியைப் பிடுங்கியது நான். கேட் தூணில் இடது பக்கத்தைத் தேய்த்த அன்றோடு சாவி என் பீரோவுக்குப் போனது. தூண்தான் முன்னாடி வந்தது என்பது இன்றுவரை அவர் தரப்பு வாதம்.

உள்ளே கழட்ட ஆரம்பித்தபோது, கார் ரெஸ்டோர் பண்ணுகிற மாதிரியே இல்லை. கீழடியில் குழி தோண்டுகிற மாதிரி இருந்தது. மேலே ரெக்ஸின் மேட். அதற்குக் கீழே கயிற்று மேட். அதற்கும் கீழே ஒரு தினசரிக் காலண்டர் அட்டை. அதை எடுத்தால் தரை இருக்கணும். ரோடு இருந்தது. டிரைவர் காலடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு தின்ற ஓட்டை. அந்த அட்டையை நம்பித்தான் குடும்பமே திருப்பதி போய் வந்திருக்கிறோம். அட்டையில் இருந்த சாமியும் அவரேதான் என்பதால் மேற்கொண்டு பேசவில்லை.

வாஷர் தண்ணீர் போகிற ட்யூப் கம்பெனி ட்யூப் இல்லை. பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது மிஞ்சிய ட்ரிப்ஸ் ட்யூப். அந்தச் சின்ன உருளைகூட அப்படியே இருந்தது, வேண்டுமானால் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடி கழுவிக்கொள்ளலாம். பேட்டரிக்கு அடியில் மடித்த சைக்கிள் ட்யூப். ஒரு கண்ணாடி தானாக இறங்காமல் இருக்க ரெண்டு ஐஸ் குச்சி. பெட்ரோல் டேங்கில் துணி சோப்பைத் தேய்த்து ஒழுகலை அடைத்த தழும்பு. 'மாடிஃபிகேஷன் பண்ணப் போறேன்பா' என்று நான் பீற்றிக்கொண்ட அன்று அப்பா ஏன் அப்படிச் சிரித்தார் என்று அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு என் சம்பளம் இரண்டாகப் பிரிந்தது. சென்னையில் பார்ட்ஸ் புதுசு என்றால் ஜி.பி. ரோடு, பழசு என்றால் புதுப்பேட்டை. 2014 ஜனவரியிலேயே இந்த வண்டியைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். புதுப்பேட்டைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கதவு வேணும் என்றால், எந்தக் கலரில் என்று திருப்பிக் கேட்கிறார்கள். பட்டி, பெயின்ட், பிரேக், புஷ் என்று போன பணத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை. வீட்டம்மாவிடம் இருக்கிறது. அதைவிட எரிச்சல், 2022இல் பழைய காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கிற கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். எங்கள் வண்டிக்கு முறை வந்தது 2023இல். சொல்லி வைத்த மாதிரி.

நடுவில் இந்த டீ வடிகட்டி விவகாரம் வேறு. கார்புரேட்டர் ஜெட் எல்லாம் பொடிப்பொடியாக இருக்கும், சாக்கடையில் போனால் போனதுதான் என்று வடிகட்டியில் போட்டு பெட்ரோலில் அலசினேன். அது தப்பு. அப்புறம் வடிகட்டியை சோப்புப் போட்டுக் கழுவி, பழைய ஆணியிலேயே மாட்டினேன். அது அதைவிடத் தப்பு. மறுநாள் காலை முதல் டீ என் மாமியாருக்குப் போனது. இந்த சப்ஜெக்டில் இதற்குமேல் வேண்டாம்.

சரி, ஞாயிறு. எல்லாம் மாட்டியாகிவிட்டது. புதுப் பாயின்ட், புதுக் கண்டென்சர், புது ரோட்டர். பாயின்ட் என்றால், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடுகிற ரெண்டு குட்டி உலோகத் துண்டு. அது திறக்கும்போதுதான் பிளக்கில் பொறி வரும். அந்த இடைவெளியை, அதாவது பாயின்ட் கேப்பை, அளந்து வைக்க ஆன்லைனில் ஃபீலர் கேஜ் வாங்கியிருந்தேன், 32 ப்ளேடு, விசிறி மாதிரி விரியும். 0.45 மில்லிமீட்டர் என்று எடுத்துக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அளந்து வைத்தேன். சாக் இழுத்து செல்ஃப் அடித்தேன். உர்ர் உர்ர் உர்ர். அவ்வளவுதான்.

பிளக்கைக் கழட்டி இஞ்சினில் ஒட்டி வைத்துப் பார்த்தால் கரண்ட் வரவில்லை. காயில் மாற்றினேன். கண்டென்சர் மாற்றினேன். ஒயர் மாற்றினேன். மறுபடியும் பழைய காயிலையே மாட்டினேன். மாடி வீட்டு சார் பல்விளக்கிக்கொண்டே வந்து "பேட்டரி வீக்" என்று தீர்ப்புச் சொன்னார். பேப்பர் போடுகிற பையன் "இன்ஜெக்டர் அடைச்சிருக்கும்ணா" என்றான். இன்ஜெக்டரே இல்லாத வண்டிடா என்று சொல்ல வாயெடுத்து, அவனுக்கு எதற்கு என் துக்கம் என்று விட்டுவிட்டேன்.

ரெண்டு மணி நேரம் ஆனபிறகு திண்ணையில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. அப்பா லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"அந்த ப்ளேடு புதுசா?"

"ஆமாப்பா."

"துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் தடவித்தான் விப்பான். துடைச்சியா?"

நான் விசிறியை மெதுவாக மடித்தேன்.

"அந்த எண்ணெயைக் கொண்டுபோய் பாயின்ட்டுல பூசி வெச்சிருக்க. கரண்ட்டு எப்படிடா வரும்?"

டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தார். வண்டியில் நான் கை வைக்காத ஒரே இடம் அது, ஏனென்றால் அவர் வைக்க விடவில்லை. உள்ளேயிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். தங்கக் கரை போட்ட கெட்டி அட்டை. எங்கள் பெரியத்தை வீட்டுக் கல்யாணம். அதற்கு நாங்கள் போகாததால் அவர்கள் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. ஒவ்வொரு பாயின்ட் செட்டிங்குக்கும் ஒரு துண்டு வெட்டி வெட்டி, மணமகன் பெயர் மொத்தமாகப் போய்விட்டது. மணமகள் பாதி பாக்கி.

"வேற பத்திரிகையே இல்லையாப்பா?"

"இந்த அட்டைதான் கரெக்ட்டு கனம். உன் கல்யாணத்துக்குப் போட்டது மெல்லிசு. உங்க மாமனார் செலவு."

ஒரு துண்டு வெட்டி, மூடியிருந்த பாயின்ட்டுக்கு நடுவே செருகி இழுத்தார். அட்டையில் கண்மை தீட்டிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு. இடத்தை மாற்றி மறுபடி இழுத்தார். சாம்பல். இன்னொரு தரம். வெள்ளை. என் பதினாலு மாச உழைப்பின்மேல் படிந்திருந்தது அந்த ஒரு கோடுதான்.

அதோடு விட்டாரா? "நீ அளந்தது முனையில இல்ல, சரிவுல. நாலாவது கியரைப் போட்டுத் தள்ளு" என்றார். கியர் போட்டு வண்டியைத் தள்ளினால் இஞ்சின் சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற மூணு முனைக் கட்டையும் சுற்றும். முனை வந்து பாயின்ட்டை முழுசாகத் திறக்கிற இடத்தில் நிறுத்தித்தான் அளக்கணுமாம். 650 கிலோ வண்டியை நானும் மாடி வீட்டு சாரும் தள்ளுகிறோம். அப்பா பானெட்டுக்குள் தலையை விட்டபடி கையை மட்டும் ஆட்டுகிறார்.

"இன்னும்... இன்னும்... கொஞ்சம்... தாண்டிடுச்சு. பின்னாடி."

"ஆங்... வருது... வருது... ஏன்டா இப்படி இடிக்கிற? முன்னாடி."

தேர் நிலைக்கு வருவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. மாடி வீட்டு சாருக்கு வாயில் பேஸ்ட் காய்ந்துவிட்டது. அப்பா துண்டு அட்டையை உள்ளே விட்டு, ஸ்க்ரூவை முடுக்கி, லேசாகப் பிடித்துப் பிடித்து வருகிறதா என்று ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தார். "ம்" என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை வைத்தார்.

முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது.

சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை ஒற்றை விரலால் தொடுகிற மாதிரி மிதித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இறங்குங்கப்பா என்று சொல்லணும். கண் ஆபரேஷன் ஆனபிறகு டாக்டர் ஓட்டலாம் என்றுதான் சொல்லியிருந்தார், வேண்டாம் என்றது நான். சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"ஏங்க, மாமா எங்க போறாரு?"

"தெரியல."

"ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

"மூடியில ஒரு கிளிப் மாட்டினதை நான் பாக்கல."

கேட்டிலேயே நின்றேன். ஒரு ஆட்டோ போனது. தண்ணி லாரி போனது. இருபது நிமிஷம் கழித்துத் தெருமுனையில் அந்த ஹாரன் கேட்டது. எங்கள் வீட்டு ஹாரன்தான். தூணுக்கு ஒரு அடி இடம் விட்டு, ஒரே திருப்பில் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். நேராக வந்து, "இந்தாம்மா" என்று மருமகளிடம் ஒரு புது டீ வடிகட்டியைக் கொடுத்தார்.

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். நான் கேட்கவில்லை.

"டேய், உன் பளபளா சக்கரம் திருப்பும்போது உரசுது. அடுத்த ஞாயிறு பழைய சக்கரத்தையே மாட்டிடலாம்."

பழைய சக்கரம் நாலையும் புதுப்பேட்டையில் போட்டு மூணு மாசமாகிறது. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.