பிளாஸ்டர் தேர்வு: ஆறு குழி, ஐந்து சத்தம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடு துறைமுகத்தை நம்பி ஓடும். மீதி வீடு மணலி, எண்ணூர் கம்பெனிகளின் ஷிஃப்டை நம்பி ஓடும். கல் குவாரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். தாய்மாமன் காஞ்சிபுரம் பக்கம் ஒரு குவாரியில் கம்ப்ரஷர் ஓட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது முடித்த கையோடு என்னையும் பாறையில் துளை போடும் ஜாக் ஹாமர் பிடிக்க அழைத்துப் போனார். சில வருடம் வெடிமருந்து வைக்கும் குழி போட்டேன், குழியை அடைக்க மண் சுமந்தேன். வெடி வைப்பவர், அதாவது பிளாஸ்டர், கையெழுத்துப் போடும் நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நாள் அதில் என் கையெழுத்தும் வர வேண்டும் என்று தோன்றும்.

இப்போது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கமிருந்து தம்பிகள் வந்து, "அண்ணா, அந்த பிளாஸ்டர் பரீட்சைக்கு இன்னா படிக்கணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

முதலில், எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். எனக்கு அது இல்லாமல் ஆறு மாதம் வீணானது. 2016 நவம்பர் 2ஆம் தேதி மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்கு ஜோடியாக நின்ற கட்டடம்தான் 2014 ஜூன் 28 அன்று இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். பிற்பகலுக்கு என்று சொன்ன தகர்ப்பு பொழுது சாய்ந்துதான் நடந்தது. சில நொடியில் அத்தனை மாடியும் கீழே உட்கார்ந்ததைப் பார்த்தவன், குவாரிச் சான்றிதழ் வாங்கினால் இந்த வேலைக்கும் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. சுரங்கத்தில், குவாரியில் வெடி வைக்கும் பிளாஸ்டர் சான்றிதழைத் தருவது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டிஜிஎம்எஸ், அதாவது சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம். சுரங்கத்துக்கு வெளியே கிணறு, சாலை, கட்டடத் தகர்ப்பு என்று வருபவற்றுக்கு ஷாட் ஃபயரர் பர்மிட் வேண்டும். அது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, அதாவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் கையில், 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் கீழ் வருகிறது. குவாரிப் பக்கம் இரண்டையும் 'ஷார்ட் ஃபயர் லைசென்ஸ்' என்று ஒரே பேரில் சொல்வார்கள். அதை நம்பி விண்ணப்பம் வாங்காதீர்கள்.

"சின்னக் குவாரிதானே, சுரங்கச் சட்டம் எதுக்கு?" என்றும் சிலர் கேட்பார்கள். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் சில சிறு குவாரிகளுக்கு விலக்கு கொடுத்திருந்தது உண்மை. ஆறு மீட்டர் ஆழத்தைத் தாண்டக் கூடாது, ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, மூன்றாவதாக, வெடிமருந்து பயன்படுத்தவே கூடாது. ஒரே ஒரு வெடிமருந்துத் தோட்டா வைத்தாலும் அந்த விலக்கு போய்விடும். என்னிடம் இதைக் கேட்டார்கள், நன்றாகச் சொன்னேன். நான் தோற்றது வேறு இடத்தில்.

எங்களுக்கு நடந்தது வாய்மொழித் தேர்வு. தமிழிலேயே பதில் சொன்னேன். அதிகாரி கேட்டார்: "ஆறு குழி, திரி வெடி. அஞ்சு சத்தம்தான் கேட்டது. என்ன செய்வீங்க?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்ப்போம், பிறகு போய் அந்தக் குழியின் மண்ணைக் குடைந்து எடுத்துவிட்டு, மறுபடி வெடிப்போம் என்றேன். எங்கள் குவாரியில் அப்படித்தான் நடந்தது. லாரி வரிசையில் நிற்கும்போது யாரும் மணி பார்த்து நான் கண்டதில்லை. அவர் கோபப்படவில்லை. "இத்தனை வருஷம் இப்படித்தான் செஞ்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கேள்வியே வரவில்லை.

சட்டத்தின் பதில் இது. வெடித்த சத்தத்தை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்தாலோ, எண்ணிக்கையில் சந்தேகம் இருந்தாலோ முப்பது நிமிடம் யாரும் அந்த இடத்துக்குப் போகக் கூடாது. மின்சாரத்தால் வெடித்ததென்றால், கேபிளிலிருந்து மின் தொடர்பைத் துண்டித்த பிறகு குறைந்தது ஐந்து நிமிடம். வெடிக்காத குழியிலிருந்து மருந்தைத் தோண்டி எடுக்கவே கூடாது. அதிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி, அதற்கு இணையாக வேறொரு குழி போட்டு வெடிக்க வேண்டும். முன்பு வெடித்த குழியின் மிச்சம் பாறையில் தெரியும், அதிலேயே மறுபடி துளை போடுவதும் குற்றம். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மிச்சத்தின் அடியில் வெடிக்காத மருந்து இருக்கலாம், நம் டிரில் நேராக அதன் தலையில் போய் இறங்கும். ஜாக் ஹாமர் பிடித்த எனக்கு இது புத்தகத்தில் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எத்தனை தடவை அந்த ஓட்டையிலேயே வைத்து, 'பாதி வேலை மிச்சம்' என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

தோற்ற பிறகு 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதிகளை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அப்போது ஒரு விதி கண்ணில் பட்டது. முதல் தடவை அதைத் தாண்டிப் போயிருந்தேன். விழுகிற கல்லின், கனிமத்தின் அளவைப் பொறுத்துக் கூலி வாங்குகிறவரை பிளாஸ்டராக நியமிக்கக் கூடாது என்கிறது அது. லோடு கணக்கில் கூலி வாங்கியவன் நான். நான் ஏன் அந்தத் தப்பான பதிலைச் சொன்னேன் என்பது அதில் இருந்தது. கல் விழுந்தால்தான் சோறு என்று இருப்பவன் முப்பது நிமிடம் சும்மா உட்கார மாட்டான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்ட பிறகு மற்றவை தானாக மனதில் தங்கின. ஒவ்வொன்றும் யாரோ அவசரப்படுத்தும் இடத்தில் குறுக்கே நிற்கிறது.

அதனால் தம்பிகளுக்கு நான் சொல்வது, விதி எண் வாரியாக மனப்பாடம் செய்யாதீர்கள். காலையில் மேகசின், அதாவது வெடிமருந்துக் கிடங்கின் பூட்டைத் திறப்பதிலிருந்து சாயங்காலம் நோட்டில் எழுதுவது வரை ஒரு நாள் வேலையாக ஓட்டிப் பாருங்கள். நான் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட் பக்கம் மொட்டை மாடியில் நடந்துகொண்டே இதைச் செய்வேன். மருந்தைப் பூட்டிய பெட்டியில் எடுக்கிறேன், ஒரு பெட்டியில் 5 கிலோவுக்கு மேல் இல்லை, சாவி என்னிடம். மருந்தை வெடிக்கத் தூண்டும் கேப்புக்குத் தனிப் பெட்டி, இரண்டும் சேரக் கூடாது. குழிக்குள் தோட்டாவை இறக்க மரக்கோல்தான், இரும்புக் கம்பி கூடாது. இன்று மருந்து வைத்த குழியை இன்றே வெடிக்க வேண்டும், நாளைக்கு என்று விட்டுப் போக முடியாது. அதுவும் பகல் வெளிச்சத்தில். இடி மின்னல் திரண்டால் வேலையை நிறுத்தி ஆட்களை விலக்க வேண்டும். வெடிக்கும் இடத்திலிருந்து 300 மீட்டர் தூரத்துக்குள் எல்லோரும் மறைவில் இருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் சங்கு. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் மாடியில் நின்று நாலு பக்கமும் பார்ப்பேன். ஆடு மேய்ப்பவர், பைக்கில் குறுக்கே போகிறவர், சாப்பாடு கொண்டுவரும் அம்மா என்று நம் குவாரிக்கு உண்மையில் யார் யார் வருவார்களோ அவர்களை நினைத்துப் பார்த்தால் அந்த விதி மறக்காது.

வார்த்தையிலும் கவனம் வேண்டும். குழியை மண்ணால் அடைப்பதை நாம் 'கெட்டிக்கிறது' என்போம், புத்தகத்தில் அது ஸ்டெம்மிங். 'கேப்' அங்கே டெட்டனேட்டர். குழி வெடிக்காமல் 'நின்னு போச்சு' என்பது மிஸ் ஃபயர். நோட்டில் இடது பக்கம் குவாரிச் சொல், வலது பக்கம் புத்தகச் சொல் என்று எழுதி வைத்தேன். தெரிந்த வேலையையே அவர்கள் வார்த்தையில் கேட்டால் திகைத்துப் போகிறோம், வேறொன்றுமில்லை.

சேமிப்பு பற்றிய பகுதியை அலுப்பாக நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில், வெடிமருந்து செய்யப் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட் 2,750 டன் வெடித்தது. அந்த வாரமே மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் 37 கன்டெய்னரில் 697 டன் இருப்பது செய்தியானது. 2015இல் சுங்கத்துறை பிடித்து வைத்த சரக்கு. எங்கள் தெருவே என் வீட்டு வாசலுக்கு வந்தது. "நீ வெடி படிச்சவன், சொல்லுப்பா, வெடிக்குமா?" என்று பக்கத்து வீட்டு ஆயா கையைப் பிடித்துக்கொண்டார். அது தானாகத் தீப்பிடிக்கும் பொருளல்ல, ஆனால் தீயையும் கலப்படத்தையும் அடைபட்ட சூட்டையும் அதன் பக்கத்தில் விடவே கூடாது, அதற்காகத்தான் 2012இல் தனி விதிகளே போட்டார்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். அந்த மாதமே சரக்கு ஹைதராபாத்துக்குப் போனது. வீடுகளிலிருந்து எத்தனை தூரம், எதனுடன் எதைச் சேர்க்கக் கூடாது என்ற பக்கங்களை இன்று படித்தாலும் எனக்கு அந்த ஆயாவின் கைதான் ஞாபகம் வருகிறது.

பழைய நோட்டை அப்படியே நம்பாதீர்கள். என்னுடையதையும்தான். மின் டெட்டனேட்டருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நாட்டில் தடை வந்துவிட்டது. அதனால் மின்கம்பி இல்லாமல் குழாய் வழியாகத் தூண்டும் நோனல், எலக்ட்ரானிக் வகைகளை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். 1952ஆம் ஆண்டுச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று டிஜிஎம்எஸ் அறிவிப்பைப் பார்த்துவிட்டே புத்தகம் வாங்குங்கள்.

காகிதங்களில் என்னை அலைக்கழித்தது அனுபவச் சான்று. வேலை செய்த இடத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வேலையை விட்ட பிறகு போனால் முகம் கொடுக்க மாட்டார்கள், அங்கே இருக்கும்போதே வாங்குங்கள். முதலுதவிக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சான்றிதழ் வேண்டும். அதை வெறும் காகிதமாக எண்ணி உட்காராதீர்கள். ரத்தம் நிறுத்துவது, எலும்பு முறிந்தவரைத் தூக்குவது எல்லாம் குவாரியில் நமக்கே தேவைப்படும். மருத்துவத் தகுதிச் சான்றும் சேர்த்து வையுங்கள்.

இரண்டாம் தடவை வேறு அதிகாரி. கேள்வி ஏறக்குறைய அதேதான். முப்பது நிமிடம், 30 சென்டிமீட்டர், இணையான குழி என்று சொல்லி முடித்தேன். அவர் விடவில்லை. "மணி அஞ்சு. மேகம் கருத்துடுச்சு. பத்து லாரி நிக்குது. காண்ட்ராக்டர் வந்து, 'நான் பாத்துக்கறேன், நீ போய்ப் பாரு'ங்கறார். போவீங்களா?"

"போக மாட்டேன் சார். அவரையும் போக விட மாட்டேன்."

"அவர்தானே உங்களுக்குச் சம்பளம் தர்றார்?"

"மேனேஜர் எழுதிக் கொடுத்த நியமனக் கடிதத்துலதான் சார் நான் பிளாஸ்டர். லோடு கணக்குல எனக்குக் கூலி இல்ல" என்றேன். அவர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டு, மின்னல் பற்றி அடுத்த கேள்விக்குப் போனார்.

சான்றிதழ் வந்த பிறகு பழைய குவாரிக்கு நான் திரும்பவில்லை. என் இரண்டு நோட்டும் இப்போது கொருக்குப்பேட்டைத் தம்பி ஒருவனிடம் இருக்கின்றன. அவன் பரீட்சை முடிந்ததும் அடுத்து யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு.