கயிற்றைக் கையில் சுத்தாதே

என் வலக்கை மோதிர விரல் நேராக நிற்காது. பட்டியில் வேலை பழக வருகிற பொடியன்மாருக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவேன்.

கட்டாருக்குப் போன முதல் வருடம் நடந்தது. ஏஜென்சிக்காரன் சொன்னது தோட்ட வேலை. போய் இறங்கினால் லாயத்தில் இருபத்திரண்டு குதிரை. அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த குதிரை, திருவிழாவில் சாமி ஏறி வருகிற மரக்குதிரைதான். ஒரு நாள் கழுவக் கூட்டிக்கொண்டு போகும்போது, வழுக்காமல் இருக்கட்டும் என்று கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். பின்னால் யாரோ தகரமொன்றைக் கீழே போட்டான். அந்தச் சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது. பிறகு வாய் நிறைய மணல்.

ஆஸ்பத்திரியால் வந்த என்னை, லாயத்துக்குப் பொறுப்பாக இருந்த சூடான்காரக் கிழவர் ஏசவில்லை. கயிற்றின் மிச்சத்தை இப்படியும் அப்படியுமாக மடித்து, நடுவில் பிடித்துக் காட்டினார். குதிரை இழுத்தால் மடிப்பு மடிப்பாகக் கழன்று போகும், கை மிஞ்சும். அவரிடம் ஒன்பது வருடம் இருந்தேன்.

இப்போது மட்டக்களப்பில், செங்கலடிக்கு மேற்கே மாமாவின் மாட்டுப் பட்டி என் பொறுப்பில். பசு அறுபத்துச் சொச்சம், எருமை பதினெட்டு. மாமாவுக்கு முழங்கால் ஏலாது, வாடிக்குள் இருந்து சத்தம் போடுவதோடு சரி. வேலை பழக வருகிறோம் என்று கனபேர் வருவார்கள். போனுக்குச் சார்ஜ் இல்லை, ராவில் யானை வரும் என்று தெரிந்ததும் பாதிப் பேர் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த முறை இரண்டு பேர் தங்கினார்கள்: அக்காவின் மகன் ஒருவன், கரடியனாற்றுப் பக்கப் பொடியன் ஒருவன்.

முதல் இரண்டு கிழமை கம்பு கொடுக்கவில்லை.

“கம்பு இல்லாம மாடு எப்பிடி மாமா கேக்கும்?” என்றான் மருமகன்.

“நீ நிக்கிற இடத்தப் பாத்துக் கேக்கும் மனே.”

குதிரைக்கும் மாட்டுக்கும் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்பவனை நன்றாகவே காணும். நேர் பின்னால் நிற்பவனைக் காணாது. நம்மாட்கள் நிற்பது அங்கேதான்! பின்னால் நின்று “ஹேய், ஹேய்” என்று கத்தினால், என்னடா சத்தம் என்று மாடு கிறுகித்தான் பார்க்கும். பக்கமாக, அதன் தோளுக்குச் சற்றுப் பின்னால் நின்று ஓரடி கிட்டப் போ, முன்னுக்கு நடக்கும். தோளுக்கு முன்னால் போ, பின்வாங்கும். அது நடக்கத் தொடங்கியதும் நீ நின்றுவிட வேண்டும். இந்தக் கடைசி விசயம் வரத்தான் ஆளுக்கு ஒரு மாதம் எடுத்தது. மாடு சொன்னதைக் கேட்ட பிறகும் விடாமல் நெருக்கினால், கேட்டு என்ன கண்டோம் என்று அடுத்த முறை பாய்ந்து ஓடும். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற பேராசிரியை இதையெல்லாம் படம் போட்டு எழுதியிருக்கிறார். போனில் அந்தப் படத்தை மாமாவுக்குக் காட்டினேன். “இதுக்கும் படமா?” என்றார்.

காலையில் எழும்பினால் முதல் வேலை சாணி பார்ப்பது. இதுவும் லாயத்தில் வந்த பழக்கம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் ஏதும் சிக்கினால் வெளியே வர ஒரே வழிதான், அதனால் விடிந்ததும் லத்தி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி. மாட்டில் இன்னும் ஒன்று பார்க்கலாம். இடப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அதில் கையைப் பொத்தி அழுத்தி வைத்துக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும். கரடியனாற்றுப் பொடியன் கிழட்டுப் பசுவொன்றில் கையை வைத்து நின்றான். ஒன்றுமில்லை. முகத்தைச் சுளித்தான். பிறகு உள்ளே இருந்து ஏதோ மெல்லப் புரண்டு, அவன் கையை வெளியே தள்ளி, திரும்ப அமர்ந்தது.

“உள்ளுக்கு ஆரோ கிடக்காங்க மாமா!”

அசை போடுகிற வயிறு அப்படித்தான் புரளும், இரண்டு நிமிடத்தில் மூன்று தரம் அளவில். அது நின்று, பள்ளமும் மேளம் மாதிரி ஊதி எழும்பினால், பிந்தாமல் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். (கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலில் கல் நந்தி புல்லுத் தின்றதாகச் சொல்வார்கள். அசை போட்டதா என்று யாரும் சொல்லவில்லை.)

பால் கறப்பதை மருமகன் தானாகவே பிடித்துக்கொண்டான், அதில் எழுத ஒன்றுமில்லை. கயிற்றில்தான் வழுக்கினான். நாம்பன் ஒன்றைப் பிடித்து வரச் சொன்னேன். பார்த்தால் கையில் இரண்டு சுற்று! நான் ஒன்றும் பேசாமல் விரலைத் தூக்கிக் காட்டினேன். அவிழ்த்துவிட்டான்.

பெரும்போகத்துக்கு வயல் விதைக்கத் தொடங்கினால் மாடு ஊருக்குள் நிற்க முடியாது. மேய்ச்சல் தரைக்குச் சாய்க்க வேண்டும். அந்தத் தரைக்காகத்தான் 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் ரோட்டோரம் போராட்டமாகக் குந்தத் தொடங்கினார்கள். அந்தக் கதை நீளம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இந்த முறை சாய்த்தது பொடியன்மார் இரண்டு பேரும்தான். நான் மோட்டர்சைக்கிளில் பின்னால் போனேன், வாயைத் திறக்கவில்லை. போய்ச் சேர்ந்து, கடப்பில் ஒவ்வொன்றாக விட்டு எண்ணினார்கள். மாமா பழக்கிய கணக்கு, பத்துக்கு ஒரு கல். ஒரு பசு குறைந்தது. திரும்ப எண்ணினார்கள், அப்போதும் குறைந்தது. சினைப்பசு ஒன்று, நாள் கிட்டியது. வழியில் பற்றைக்குள் ஒதுங்கியிருக்க வேண்டும்.

கரடியனாற்றுப் பொடியன் வந்த வழியே தனியாகத் திரும்பிப் போனான். மைம்மல் பொழுதாகியும் காணவில்லை. யானை நடமாடுகிற நேரம், எனக்கு வயிற்றைக் கலக்கியது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது, முதலில் கன்று, அதை நக்கிக்கொண்டு தாய், நல்ல தூரம் விட்டுப் பக்கமாக அவன்.

“ஏன்டா இவ்வளவு நேரம்?”

“கண்டு எழும்பிக் கடும்பு குடிக்கும் மட்டும் இருந்தன் மாமா. கிட்டப் போகல்ல.”

ராவு போனில் மாமாவுக்குச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “கயிறு கொண்டு போனவனா?” என்றார்.

“இல்ல மாமா.”

“பொட்டையா, நாம்பனா?” என்று கன்றை விசாரிக்கத் தொடங்கினார்.