எவர்சில்வர் குடுவையும் நான் வரைந்த பொய்யும்

நான் எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்ததும் குடுவைத் தயாரிப்பாளர் கேட்டது ஒன்றுதான்: "இந்தக் கறுப்புக் கோடு என்ன சார், அழுக்கா?"

எவர்சில்வர் தண்ணீர்க் குடுவை அது. அந்தக் கோட்டை வரவழைக்கத்தான் அரை நாள் மெனக்கெட்டிருந்தேன். பளபளக்கும் உலோகத்துக்குச் சொந்த முகம் கிடையாது. எதிரே இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி எடுத்தால், வெள்ளைப் பின்னணியில் குடுவை கரைந்துபோகும். ஆகவே இரு பக்கமும் குறுகலான கறுப்பு அட்டைகளை நிறுத்தி, அவற்றின் பிரதிபலிப்பில் விளிம்பைப் பிடிக்க வேண்டும். எனக்கு அது உருவத்தின் எல்லை. பணம் கொடுப்பவருக்கு அழுக்கு.

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குச் சுத்தமாக வேண்டும்" என்றார்.

சரி, வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒளிப்படத்தை அடி லேயராக வைத்து, அதன் மேல் வெக்டர் கோடுகளை, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத கணினிக் கோடுகளை, இழுத்து, சாம்பலிலிருந்து வெள்ளைக்கு நிறத்தை மெல்லக் குழைத்து இரண்டு நாளில் முடித்தேன். விரல் ரேகை இல்லை, மூடியில் சாய்வு இல்லை, கழுத்தருகே பற்றவைத்த தழும்பும் இல்லை. விளிம்பில் அதே கோட்டைத்தான் சாம்பல் நிறத்தில் வரைந்திருந்தேன். அதை அவர் கவனிக்கவே இல்லை. ஒரே சுற்றில் ஒப்புதல் கிடைத்தது. என் தொழிலில் அது அபூர்வம் என்பதால் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

சில மாதங்கள் கழித்து மறுபடி அழைத்தார். வாங்கியவர்கள் திருப்பி அனுப்புகிறார்களாம். படத்தில் இல்லாத தழும்பு கைக்கு வந்த குடுவையில் இருக்கிறது, மூடி படத்தைவிடக் கருமையாக இருக்கிறது என்று புகார்கள். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. தழும்பை எடுக்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நானாகவே துடைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒன்று பிடிபட்டது. தயாரிப்பாளர் தன் பொருளை முதலில் பார்ப்பது வடிவமைப்பாளரின் கணினித் திரையில். அங்கே அதற்குக் கீறலோ தழும்போ கிடையாது. பட்டறையிலிருந்து வெளிவந்த பொருளை கேமரா காட்டும்போது அவருக்கு ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தில் பாதி பொருளின் மீதுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் ஒளிப்படக்காரன்.

பார்க்கிறவர்களின் கண்ணும் பழகிவிட்டது. அறைகலன் விற்கும் ஐகியா நிறுவனம் 2006-இல் ஒரு மர நாற்காலியைக் கணினியிலேயே உருவாக்கித் தன் கேட்லாகில் வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே அதன் தனிப்பொருள் படங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு அப்படி உருவானவை. புரட்டியவர்கள் எல்லாவற்றையும் ஒளிப்படம் என்றே நினைத்திருப்பார்கள். அங்கே ஒளிப்படக்காரர்களை முப்பரிமாணக் கலையையும், முப்பரிமாணக் கலைஞர்களை ஒளிப்படத்தையும் கற்கச் சொன்னார்களாம். இந்தச் செய்தியைப் படித்த அன்று சற்றுப் பொறாமைப்பட்டேன்; இரண்டையும் நான் அடிபட்டுத்தான் கற்றேன்.

வரைந்த படத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இன்னும் செய்து முடிக்காத பொருளுக்கு வேறு வழி இல்லை. ஏ4 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்துக்கு 2480×3508 பிக்சல் கொண்ட ஒளிப்படம் வேண்டும். அதையே சுவரளவுக்கு இழுத்தால், நெருங்கிப் பார்க்கும்போது உதிர்ந்துவிடும். வெக்டருக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொள்ளும் முன் பொருளை மேசையில் வைத்து, எந்த அலங்காரமும் இல்லாமல் ஒரு படம் எடுத்துக் காட்டிவிடுகிறேன். "வாங்குகிறவர் கையில் இதுதான் இருக்கும்" என்கிறேன். சிலர் அங்கேயே எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும்.

குடுவைக்காரர் போகவில்லை. மறுபடி எடுத்தோம், கறுப்புக் கோடு இருந்தது, தழும்பும் தெரிந்தது. வரைந்தது ஒன்றே ஒன்று: குடுவையைக் குறுக்கே பிளந்தாற்போல இரட்டைச் சுவரையும் நடுவில் உள்ள இடைவெளியையும் காட்டும் படம். அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"இதை ஒளிப்படமாகவே எடுத்துவிட முடியாதா?" என்றார்.

"நடுவில் இருப்பது வெற்றிடம் சார். எடுப்பதற்கு ஒன்றுமில்லை."

சற்று யோசித்தார். "அப்படியானால் அந்த இடத்தில் கொஞ்சம் நீலம் அடித்துவிடுங்கள்."